‘நடங்க’ன்னு சொன்னா போதுமா? பார்க்கின்சன் ஆரம்பக் கட்டத்தில் எந்த உடற்பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது

நரம்பியல் மருத்துவர் சீட்டு எழுதி முடித்துப் பேனாவை மூடும்போது கடைசியாக ஒன்று சொல்வார்: “தினமும் நல்லா நடங்க, எக்சர்சைஸ் பண்ணுங்க.” மாத்திரைக்கு வேளை எழுதியிருக்கும், எத்தனை மில்லிகிராம் என்று இருக்கும், சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்னால் என்று இருக்கும். உடற்பயிற்சிக்கு அந்த ஒரு வாக்கியம்தான். எதைச் செய்வது, எவ்வளவு செய்வது, யாரோடு, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் வீட்டார் பாடு. அடுத்த மாதத்துக்குள் பல வீடுகளில் அது தினசரிச் சண்டையாகிவிடும்.

பார்க்கின்சன் என்பது உடல் அசைவை மெல்ல மெல்லப் பாதிக்கும் மூளை நோய். அதன் ஆரம்பக் கட்டம் என்றால் பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கம்தான் பாதித்திருக்கும். ஒரு கை நடுங்கும், அல்லது நடக்கும்போது ஒரு கை வீசாமல் தொங்கும். சட்டைப் பொத்தான் போட நேரம் பிடிக்கும். திருச்சியில் இருக்கும் என் தாய்மாமா விஷயத்தில் முதலில் மாட்டியது கையெழுத்து. ஒத்துப்போகவில்லை என்று வங்கியில் காசோலையைத் திருப்பிவிட்டார்கள். எடுத்துப் பார்த்தால் எழுத்து வரவரச் சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. மற்றபடி ஆள் வண்டி ஓட்டினார், கடைக்குப் போனார், கல்யாண வீட்டில் பந்தி விசாரித்தார். மாத்திரை தொடங்கியதும் இன்னும் தெளிந்துவிட்டார். “நல்லாத்தானே இருக்கேன்” என்று சொல்கிற இந்தக் காலத்தில்தான் உடம்பைப் பழக்கிவைக்க முடியும். ஆனால் இதே காலத்தில் யாருக்கும் அது அவசரமாகத் தெரியாது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? நம் ஊரில் ஒரு குடும்பத்தின் கைக்கு எட்டும் வழிகள் சிலதான். வெளியே வாக்கிங், வீட்டில் சைக்கிளோ டிரெட்மில்லோ, பிசியோதெரபிஸ்ட், யோகா மாதிரி ஏதாவது வகுப்பு, அப்புறம் கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச். இவற்றில் ‘எந்தப் பயிற்சி உசத்தி’ என்று பார்க்கத் தொடங்கினால் அதிக தூரம் போக முடியாது. மருத்துவப் பரிசோதனைகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2023-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 7939 நோயாளிகள் கலந்துகொண்ட 156 பரிசோதனைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தது. பெரும்பாலான பயிற்சி வகைகள் அசைவுக் கோளாறுகளையும் வாழ்க்கைத் தரத்தையும் ஓரளவாவது முன்னேற்றின. ஒன்று இன்னொன்றைத் தெளிவாக முந்தியது என்று சொல்லத்தான் ஆதாரம் கிடைக்கவில்லை.

தொடர்ச்சி பற்றி இன்னொரு தகவல். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், ஆரம்பக் கட்ட நோயாளிகள் 237 பேரின் பல ஆண்டுத் தரவுகளைப் பார்த்தார்கள். ஆய்வு தொடங்கியபோது ஒருவர் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தார் என்பது பெரிதாகப் பேசவில்லை. ஆண்டுக்கணக்கில் விடாமல் இயங்கிவந்தார்களா என்பதுதான் நடை, நிலைத்தன்மை ஆகியவற்றின் சரிவு மெதுவானதோடு சேர்ந்து வந்தது. நோய் லேசாக இருப்பவர்களால்தான் விடாமல் இயங்க முடிகிறது என்றும் இதைத் திருப்பிப் படிக்கலாம். அது நியாயமான சந்தேகம்தான். ஆனாலும் குடும்பத்துக்கு முடிவெடுக்க இது உதவுகிறது. எது ஆறாவது மாதத்திலும் நடந்துகொண்டிருக்கும் என்பதே முதல் கேள்வி.

இங்கேதான் இந்த நோய்க்கே உரிய சிக்கல் ஒன்று குறுக்கே வருகிறது. மூளையில் டோபமைன் என்ற, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள் குறைவதால் வரும் நோய் இது. அந்த டோபமைனுக்குக் கைகால் அசைவு மட்டும் வேலை இல்லை. ஒன்றைச் செய்யலாம் என்று மனம் எழும்புவதிலும் அதற்குப் பங்கு உண்டு. அதனால் நோயாளிகளில் பலருக்கு எதிலும் ஒட்டுதல் இல்லாத ஒரு மந்தம் வருகிறது. சிலருக்கு மனச்சோர்வும் சேர்ந்துகொள்ளும். வீட்டில் உள்ளவர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தானாக ஒன்றைத் தொடங்குவது இவர்களுக்குக் கஷ்டம். வெளியிலிருந்து ஒரு சமிக்ஞை வந்தால் அதே காரியம் சுலபமாக நடந்துவிடும். தாளம் தட்டினால் நடை சீராகிறது, தரையில் கோடு போட்டால் கால் பெரிதாக எட்டிவைக்கிறது என்பதெல்லாம் பிசியோதெரபியில் தினமும் பயன்படுத்தும் விஷயங்கள். அதே தர்க்கத்தைத்தான் பயிற்சித் தேர்வுக்கும் கொண்டுவர வேண்டும் என்கிறேன். ஒவ்வொரு வழியையும் பார்க்கும்போது, தினமும் அதைத் தொடங்கிவைக்கப்போவது யார் என்று கேளுங்கள். நோயாளியேதான் தொடங்க வேண்டும் என்றால் அந்த வழி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சந்தேகத்தோடு பாருங்கள்.

வாக்கிங்கில் ஆரம்பிப்போம், எல்லோரும் அதில்தானே ஆரம்பிக்கிறார்கள். காசு கிடையாது, கருவி கிடையாது, வெயில் படும், நாலு பேரைப் பார்க்கலாம், மலச்சிக்கலுக்கும் நல்லது. பார்க்கின்சன்காரர்களுக்கு மலச்சிக்கல் சின்ன விஷயம் இல்லை, பலருக்கு நடுக்கம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது வந்திருக்கும்.

ஆனால் நம் ஊர் வாக்கிங்கில் சில பிரச்சினைகள் உண்டு. முதலாவது நேரம். காலை ஐந்தரை மணி என்பது நம் ஊரில் கிட்டத்தட்ட ஒரு மதச் சடங்கு. இரவு முழுக்க மருந்தில்லாமல் இருந்த உடம்பு இறுகிப்போய் இருக்கும் நேரமும் பலருக்கு அதுதான். முதல் மாத்திரைகூட உள்ளே போயிருக்காது, தெருவிளக்கு பாதி எரியாது, அந்த இருட்டில் காலை இழுத்து இழுத்து நடப்பதில் என்ன பயன்? மாத்திரை போட்டு வேலை செய்யத் தொடங்கிய பிறகு, ஏழு, ஏழரைக்கோ, மாலை ஐந்து மணிக்கு மேலோ போகலாம். கோடையில் மாலைதான் சரி.

இரண்டாவது, வேகம். தெரிந்தவரைப் பார்த்து நின்று பேசி, டீ குடித்துத் திரும்பும் நடையில் இதயத் துடிப்பு ஏறாது. மூன்று நிமிடம் வேகமாக, இரண்டு நிமிடம் மெதுவாக என்று மாற்றி மாற்றிப் போவது நல்ல ஏற்பாடு. வேகமாகப் போகும்போது ஒரு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அந்த மூன்று நிமிடமும் எட்டைப் பெரிதாக வைப்பது, கையை வேண்டுமென்றே வீசுவது, இந்த இரண்டில் மட்டும் கவனம் இருக்கட்டும். போனில் பேசிக்கொண்டு நடப்பது கூடவே கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு வேலை என்றால் இந்த நோயில் நடைதான் முதலில் அடிவாங்கும்.

மூன்றாவது, தெரு. நடைபாதையில் வண்டி நிற்கும், சாக்கடை மூடி பெயர்ந்து கிடக்கும், நாய் துரத்தும். விழுந்துவிடுவோமோ என்ற பயம் வந்துவிட்டால் வாக்கிங் அன்றோடு சரி. பள்ளிக்கூட மைதானம், பூங்கா, பெரிய கோயிலின் வெளிப்பிராகாரம் போன்ற சமதரையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொடங்கிவைப்பது யார் என்ற அளவுகோலில் தனியாகப் போகும் வாக்கிங் தோற்றுவிடும். “ஏங்க, கிளம்புங்க” என்று அத்தை சொல்வார். “வெயில் தாழட்டும்” என்பார் மாமா. வெயில் தாழ்ந்ததும் “நாளைக்குப் பார்க்கலாம்” என்பார். எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் கேட்டுக்கு வெளியே வந்து நின்று “சார்!” என்று ஒரு குரல் கொடுத்த நாட்களில் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார். மனைவி சொன்னால் எழாத கால், எதிர்வீட்டுக்காரர் கூப்பிட்டால் எழுகிறது. அத்தைக்கு அதில் நியாயமான வருத்தம்தான். ஆனால் வருத்தப்பட்டு என்ன செய்வது, வாத்தியாரிடம் போய் “தினமும் கூப்பிடுங்க சார்” என்று கேட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். துணை இல்லாத வாக்கிங்கை நம்ப வேண்டாம். துணை கிடைத்தால் அதைவிட மலிவான வழி வேறு இல்லை.

அடுத்தது வீட்டுக்குள் வைக்கும் கருவி. ஆராய்ச்சியின் பலம் அதிகம் இருப்பது இங்கேதான். அமெரிக்காவில் நடந்த ‘ஸ்பார்க்ஸ்’ என்ற பரிசோதனையின் முடிவு 2018-ல் வந்தது. இன்னும் பார்க்கின்சன் மாத்திரையே தொடங்காத ஆரம்பக் கட்ட நோயாளிகள் 128 பேர். ஒரு குழு டிரெட்மில்லில் உச்சத் துடிப்பின் 80 முதல் 85 சதவீதம் வரை ஏறும்படி கடுமையாக, இன்னொரு குழு 60 முதல் 65 சதவீதத்தில் மிதமாக, மூன்றாவது குழு வழக்கம்போல. ஆறு மாதம் கழித்து, அசைவுக் கோளாற்றை அளக்கும் மதிப்பெண் வழக்கம்போல இருந்தவர்களுக்கு 3.2 புள்ளி மோசமாகியிருந்தது. கடுமையாகச் செய்தவர்களுக்கு 0.3 புள்ளிதான். மிதமான குழுவின் பலன் அந்த அளவுக்குத் தேறவில்லை. இதில் எனக்குப் பிடித்த செய்தி வேறு ஒன்று. வாரம் 4 நாள் செய்யச் சொல்லியும், கடுமையான குழு சராசரியாகச் செய்தது 2.8 நாள்தான். ஆராய்ச்சிக்கூடத்தின் மேற்பார்வையிலேயே நிலைமை அப்படி. நம் வீட்டில் ஒருவர் வாரம் மூன்று நாள் செய்கிறார் என்றால் அவரைத் திட்டாதீர்கள்.

80 சதவீதம் என்றால் எவ்வளவு? 220-லிருந்து வயதைக் கழிப்பது பழைய கணக்கு. 62 வயதுக்காரருக்கு உச்சம் 158, அதில் 80 முதல் 85 சதவீதம் என்பது நிமிடத்துக்கு 126 முதல் 134 துடிப்பு. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, துடிப்பு அந்த அளவுக்கு ஏறாது. இந்த நோயிலேயே சிலருக்குத் துடிப்பு மந்தமாகத்தான் ஏறும். அவர்களுக்கெல்லாம் ‘பேச முடியும், பாட முடியாது’ என்ற சோதனையே போதும்.

சைக்கிளுக்கு ஆதாரம் நெதர்லாந்திலிருந்து வருகிறது. நைமேகன் நகரில் உள்ள ராட்பவுட் பல்கலைக்கழக மருத்துவமனை நடத்திய ‘பார்க் இன் ஷேப்’ பரிசோதனை, முடிவு வந்தது 2019-ல். லேசான பாதிப்புள்ள 130 பேர். பாதிப் பேருக்கு வீட்டிலேயே நிலையாக நிற்கும் சைக்கிள், வாரம் மூன்று நாள், 30 முதல் 45 நிமிடம். மறுபாதிக்குத் தசைகளை நீட்டும் பயிற்சி. ஆறு மாத முடிவில் இரண்டு குழுவுக்கும் இடையே அசைவு மதிப்பெண்ணில் 4.2 புள்ளி வித்தியாசம், சைக்கிள் குழுவுக்குச் சாதகமாக. வெறும் சைக்கிளைக் கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை அவர்கள். எதிரே திரையில் விளையாட்டு ஓடும், செயலியில் இலக்கு வரும், பயிற்சியாளர் தூரத்திலிருந்தே கண்காணித்து விசாரிப்பார். வெளியிலிருந்து வரும் தூண்டுதலைத் திட்டம்போட்டுச் சேர்த்திருந்தார்கள்.

டிரெட்மில்லா, சைக்கிளா என்று கேட்டால் நான் சைக்கிள் பக்கம். டிரெட்மில்லில் கால் தடுமாறினாலும் பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அவசரமாக நிறுத்தும் கிளிப்பைச் சட்டையில் மாட்டிக்கொள்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இடம் அடைக்கும், விலையும் கூட. சைக்கிளில் உட்கார்ந்துகொண்டே துடிப்பை ஏற்றலாம், விழ மாட்டார்கள், மழை நாளிலும் நடக்கும். அதோடு பார்க்கின்சனுக்கும் சைக்கிளுக்கும் ஒரு விசித்திர உறவு. நடக்கும்போது கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு நோய் முற்றிய ஒருவர் சைக்கிளை மட்டும் சரளமாக ஓட்டியதை, பாஸ் புளூம் என்ற டச்சு நரம்பியல் நிபுணர் 2010-ல் வெளியிட்டார். அதற்காக வண்டி பறக்கும் ரோட்டில் சைக்கிளை எடுக்கச் சொல்லவில்லை, வீட்டுச் சைக்கிளைத்தான் சொல்கிறேன்.

அதன் பெரிய எதிரி ஈர வேட்டி. நம் வீடுகளில் உடற்பயிற்சி சைக்கிள் மூன்றாம் மாதம் துணி காயப்போடும் கொடியாகிவிடுகிறது. அதைத் தடுக்க ஒரே வழி, அதை வைக்கும் இடம். மாடி அறையில் வைத்தால் முடிந்தது கதை. ஹாலில், டிவிக்கு நேராக, மின்விசிறிக்குக் கீழே வைக்க வேண்டும். பார்ப்பதற்கு நன்றாக இருக்காதுதான், விருந்தாளி வந்தால் கேட்பார்கள், கேட்கட்டும். தினமும் பார்க்கும் சீரியலையோ ஏழு மணிச் செய்தியையோ சமிக்ஞையாக வைத்துக்கொள்ளலாம். டைட்டில் பாட்டு தொடங்கினால் ஏறி உட்கார வேண்டும், சீரியல் முடிந்தால் இறங்கலாம். தொடங்கிவைக்கும் வேலையை டிவி எடுத்துக்கொள்கிறது, மனைவிக்கு அந்தச் சுமை குறைகிறது. சீட்டின் உயரத்தை மட்டும் முதல் நாளே சரிசெய்யுங்கள். மிதி கீழே போகும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும்.

சைக்கிளால் ஆகாதது இரண்டு. நின்று திரும்பும்போது தேவைப்படும் சமநிலையை அது பழக்காது. முன்னால் கூன் விழும் முதுகையும் நிமிர்த்தாது. இந்த இரண்டுக்கும் வேறு ஏதாவது கூடச் சேர்த்தாக வேண்டும்.

பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருவது பற்றி நம்மிடம் ஒரு மயக்கம் உண்டு. ஆள் வருகிறார், காசு கொடுக்கிறோம், பொறுப்பு முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். தொடங்கிவைக்கும் விஷயத்தில் இதுதான் முதல் மார்க் வாங்கும், அழைப்பு மணி அடித்தால் எழுந்தாக வேண்டுமே. ஆனால் வருகிறவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நோயாளியைப் படுக்கவைத்து, கை காலை அவரே பிடித்து நீட்டி மடக்கிவிட்டுப் போகிறார் என்றால், ஆரம்பக் கட்டத்தில் இருப்பவருக்கு அதனால் பெரிய பலன் இல்லை. நோயாளிக்கு மூச்சு வாங்க வேண்டும், நோயாளிக்கு வியர்க்க வேண்டும். பிசியோவுக்கு வியர்த்து என்ன பிரயோசனம்?

இதிலும் டச்சுக்காரர்களின் அனுபவம் ஒன்று இருக்கிறது. ‘பார்க்ஃபிட்’ என்ற பரிசோதனை, 2013-ல் வெளியானது. அதிகம் உட்கார்ந்தே இருக்கும் நோயாளிகள் 586 பேர், இரண்டு ஆண்டுகள். ஒரு பாதிக்குப் பிசியோதெரபிஸ்ட்களே ஊக்கம் கொடுக்கும் பயிற்சியாளர்களாக மாறி, எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, தினக்குறிப்பு எழுதவைத்து, அசைவை அளக்கும் கருவி கொடுத்து நடத்தினார்கள். மறுபாதிக்கு வழக்கமான பிசியோதெரபி. கேள்வித்தாள் வைத்து அளந்த முதன்மைக் கணக்கில் வித்தியாசம் தெரியவில்லை. தினக்குறிப்பிலும், கருவியின் அளவிலும், ஆறு நிமிட நடைச் சோதனையிலும் ஊக்கம் பெற்ற குழு மேலே இருந்தது. கலவையான முடிவுதான். இரண்டு ஆண்டுகள் ஊக்கப்படுத்தியும் கிடைத்தது இவ்வளவுதானா என்று சலிப்பவர்கள் உண்டு. உட்கார்ந்தே பழகிய 586 பேரை இரண்டு ஆண்டுகள் கழித்தும் முன்பைவிட அதிகம் நடக்கவைத்ததே பெரிய காரியம் என்று எனக்குப் படுகிறது.

பிசியோதெரபிஸ்டை வாத்தியாராக வைத்துக்கொள்வதுதான் லாபம். முதல் மாதம் நன்றாகச் சொல்லிக்கொடுக்கட்டும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, வட்டமாகத் திரும்புவது, எட்டைப் பெரிதாக வைப்பது, குரலோடு எண்ணிக்கொண்டே கையை அகல வீசுவது. அப்புறம் மாதம் ஒருமுறை வந்து பரீட்சை வைக்கட்டும். ஆயுசுக்கும் தினமும் வரவழைப்பது நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது, நிறுத்திய அன்றே பயிற்சியும் நின்றுவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு உண்டு. போய்க் கற்றுக்கொண்டு வந்து வீட்டில் செய்யலாம்.

குழு வகுப்புகள் என்றால் வெளிநாட்டில் என்னென்னவோ இருக்கிறது. இண்டியானாபோலிஸில் 2006-ல் தொடங்கி பார்க்கின்சன்காரர்களுக்கென்றே பரவிய, ஆளை அடிக்காமல் பையை மட்டும் குத்தும் குத்துச்சண்டை வகுப்புகள் உண்டு. அர்ஜென்டினாவின் டாங்கோ நடனம் உண்டு. நம் நாட்டிலேயே புனேயில் பார்க்கின்சன் மித்ரமண்டல் என்ற குழுவினர் நடன வகுப்புக்குப் போகிறார்கள். மெதுவான அசைவுகளால் ஆன சீனத்துப் பயிற்சியான தாய் சி பற்றி 2012-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்திலிருந்து வந்த ஆய்வு முக்கியமானது. 195 பேர், வாரம் இரண்டு வகுப்பு, 24 வாரம். சமநிலையில் தாய் சி செய்தவர்கள் எடைப் பயிற்சிக் குழுவையும் நீட்டல் பயிற்சிக் குழுவையும் முந்தினார்கள். நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிடக் குறைவாக விழுந்தார்கள்.

நமக்குக் கிடைப்பது யோகா. ஹாங்காங்கில் 138 பேரை வைத்து எட்டு வாரம் நடந்த பரிசோதனை 2019-ல் வெளியானது. மனக்கவனத்தோடு செய்யும் யோகாவை, நீட்டல் மற்றும் தசைப் பயிற்சியோடு ஒப்பிட்டார்கள். அசைவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. பதற்றமும் மனச்சோர்வும் குறைந்ததில் யோகா மேலே. மனம் துவண்டிருப்பவருக்கு நான் முதலில் யோகா வகுப்பைத்தான் சொல்வேன், சைக்கிளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் சாதாரண யோகா வகுப்பில் துடிப்பு அதிகம் ஏறாது. அதை மட்டும் செய்துவிட்டு உடற்பயிற்சி முடிந்தது என்று எண்ணக் கூடாது. தலையைக் கீழே தொங்கவிடும் ஆசனங்கள், ஒற்றைக்காலில் நிற்பவை எல்லாம் சுவர் ஓரமாக, ஆசிரியருக்கு நோயைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான்.

‘சொல்லிவிட்டு’ என்பதில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். நாலு பேர் முன்னால் கை நடுங்குமே என்ற கூச்சம். சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டே வாழப் பழகிவிடுகிறார்கள். அவர்களுக்கு இதே நோயுள்ளவர்களின் குழுதான் ஏற்றது. மும்பையில் தலைமையகம் கொண்ட பார்க்கின்சன்ஸ் டிசீஸ் அண்ட் மூவ்மென்ட் டிஸ்ஆர்டர் சொசைட்டி இணையவழியிலும் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. ஊரில் குழு இல்லையே என்று உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

வகுப்பு பெண்களுக்கு இன்னொரு விதத்திலும் உதவுகிறது. நோய் வந்தது அம்மாவுக்கு என்றால், “நாள் முழுக்க நின்னுட்டுத்தானே இருக்கேன், இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்” என்பார். சமையலறையில் நிற்பது களைப்பைத் தரும், துடிப்பை ஏற்றாது. வீட்டு வேலைக்கும் மதிப்பு உண்டுதான். கியோட்டோ ஆய்விலேயே வீட்டு வேலைகளைத் தொடர்ந்து செய்தவர்களுக்கு அன்றாடக் காரியத் திறன் மெதுவாகவே குறைந்தது. “நீ உட்காரும்மா, நாங்க பாத்துக்கறோம்” என்று எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்வது பாசம்தான், ஆனால் கெடுதல். காய் நறுக்குவதும் கோலம் போடுவதும் அவர் கையிலேயே இருக்கட்டும். அதோடு வகுப்புக்கென்று மாலை ஐந்து மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப அவருக்கு ஒரு காரணமும் இருக்கட்டும். அந்த நேரத்துக்கு யார் டீ போடுவது என்பதை அவர் கிளம்பும் முன்பே மற்றவர்கள் பேசி முடித்துவிட வேண்டும்.

ஸ்மார்ட் வாட்சைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அது எண்ணும், தொடங்கிவைக்காது. அதிர்ந்தால் ஒரு தட்டுத் தட்டி நிறுத்திவிடலாம். நடுங்கும் கையில் கட்டினால் எண்ணிக்கையும் தப்பலாம், நடுக்கமில்லாத கையில் கட்டுங்கள். ஏற்கெனவே செய்கிறவருக்கு அது நல்ல விளையாட்டு. செய்யாதவரை அது எழுப்பிவிடும் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

கடைசியில் எதை எடுப்பது? அமெரிக்காவின் பார்க்கின்சன் அறக்கட்டளை 2021-ல் விளையாட்டு மருத்துவ நிபுணர்களோடு சேர்ந்து வெளியிட்ட பரிந்துரை, வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடம் என்கிறது. மூச்சு வாங்கும் பயிற்சி மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 30 நிமிடம். தசைப் பயிற்சி இரண்டு மூன்று நாள். சமநிலைப் பயிற்சியும் அதேபோல. நீட்டல் முடிந்தால் தினமும். இதை முழுசாக முதல் வாரமே நிறைவேற்ற முயன்றால் இரண்டாம் வாரம் எதுவும் இருக்காது. முதலில் ஒன்றே ஒன்றை ஊன்றுங்கள். அது ஆறு வாரம் நின்ற பிறகு அடுத்ததைச் சேர்க்கலாம்.

வெளியே போய்ப் பழகியவர், கூப்பிட ஒரு சிநேகிதர் இருக்கிறார், சமதரையும் இருக்கிறது என்றால் வேகம் மாற்றி நடக்கும் வாக்கிங்கே அடிப்படை. கூச்சம் உள்ளவர், தெரு மோசம், டிவி பார்ப்பவர் என்றால் சைக்கிள். பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் என்பது என் கணிப்பு. மனம் சோர்ந்தவர், தனியாக இருப்பவர் என்றால் வகுப்பு. எதுவானாலும் முதல் மாதம் பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்வதற்குச் செலவு செய்யத் தயங்க வேண்டாம். ஏற்கெனவே ஒருமுறை விழுந்தவர், எழுந்து நின்றால் தலை சுற்றுபவர் என்றால் வரிசையே மாறும். அங்கே பிசியோதெரபிஸ்ட்தான் முதலில், மற்றதெல்லாம் அவர் பார்த்த பிறகு.

வீட்டில் பேசும் விதமும் ஒரு தேர்வுதான். “போங்க” என்பதைவிட “வாங்க போலாம்” வேலை செய்கிறது. “இன்னிக்கு ஏன் போகல” என்று ராத்திரி கேட்பதில் ஒரு லாபமும் இல்லை. பேத்தி வந்து சைக்கிளின் வேகக் காட்டியைப் பார்த்து “தாத்தா இன்னும் பத்து நிமிஷம்” என்றால் மாமா பதினைந்து நிமிடம் மிதிப்பார். இதையே மகன் சொன்னால் இறங்கிவிடுவார்.

தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில. இதயம் கடுமையான பயிற்சியைத் தாங்குமா, ஈசிஜி வேண்டுமா? படுத்திருக்கும்போதும் எழுந்து மூன்று நிமிடத்துக்குள்ளும் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். மேல் எண் 20-க்கு மேல் இறங்கினால் அதைச் சரிசெய்த பிறகுதான் வேகம். பார்க்கின்சனுக்கான முக்கிய மருந்தான லெவோடோபா மாத்திரைக்கும் பயிற்சிக்கும் இடையே எவ்வளவு நேரம் விடலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சில் இறுக்கம், மயக்கம் வருவது போன்ற உணர்வு இருந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும்.

இடையில் விட்டுப்போகும், அதையும் எதிர்பார்த்தே இருங்கள். காய்ச்சல், கல்யாணம், மகள் வீட்டுப் பயணம் என்று இரண்டு வாரம் நின்றுவிட்டால், தானாகத் திரும்பத் தொடங்குவது முதல் தடவையைவிடக் கஷ்டம். ஊருக்குக் கிளம்பும்போதே திரும்பி வரும் தேதியை வாக்கிங் துணையிடமோ யோகா வகுப்பிலோ சொல்லிவிட்டுப் போங்கள். அந்தத் தேதிக்கு மறுநாள் அவர்கள் கூப்பிடட்டும். முதல் வாரம் பழைய நேரத்தில் பாதி போதும்.